விற்ற பிறகு எங்கே இருப்பார்? ஒரு வீட்டு விற்பனையும் ஒரு புதிய ஏஜென்டும்

வீட்டை விற்க வந்தவர் அறுபதைக் கடந்த பெண். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மகன், ஒரு மகள். இருவரும் வேறு ஊர்களில். மாடி வைத்த பழைய வீடு, பத்திரம் அவர் பெயரில் மட்டும். அவருக்காக வேலை பார்த்தவர் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர். புதியவர்களுக்குப் பயிற்சி தருவது என் பொறுப்பு என்பதால் இந்த விற்பனையை ஆரம்பம் முதல் கூட இருந்து பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளும் இங்கே வராது. வீட்டின் அன்றைய சந்தை மதிப்பை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

"கஸ்டமரிடம் கனிவாக நடந்துகொள்" என்று புதியவர்களுக்கு எல்லாரும்தான் சொல்கிறார்கள். இந்த இளைஞர் முதல் நாளே கனிவாகத்தான் பேசினார். குரல் உயரவில்லை, அவசரம் காட்டவில்லை, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். அப்படியும் முதல் சந்திப்பிலேயே வேலை கைநழுவப் பார்த்தது. இதை எழுத எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

முதல் சந்திப்பு

அளவு எடுக்கும் டேப்பும் கேமராவுமாகப் போனார். அறை அறையாக அளந்தார். வெளிச்சம் நன்றாக வருகிறது என்று பாராட்டினார், அது பொய்யுமில்லை. மாடி அறையில் ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய மர மேஜை இருந்தது. மேலே நீளவாக்கில் அடுக்கிய கணக்கு நோட்டுகள், ஒரு டப்பா நிறையப் பேனாக்கள், மூக்குக்கண்ணாடிக் கூடு.

"அம்மா, இந்த மேஜையைத் தூக்கிட்டா ரூம் இன்னும் பெருசாத் தெரியும். போட்டோவும் நல்லா வரும்" என்றார்.

தொழில் கணக்கில் அது சரியான யோசனை. வீட்டைப் பார்க்க வருபவருக்கு அறை காலியாக இருந்தால்தான் தன் சாமான்களை அதில் வைத்துக் கற்பனை செய்ய முடியும். எந்தப் பயிற்சியிலும் முதலில் சொல்லித் தரும் பாடம் இது.

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. கீழே இறங்கி வந்து உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே விலையைச் சொன்னார். நம் கணக்கில் 130. "அதுக்குக் கீழே பேச்சே இல்லை தம்பி."

அலுவலகத்துக்கு வந்தவர், "பார்ட்டி பிடிவாதம் சார், விலை படியாது" என்றார். மறுநாள், அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளின் பட்டியலோடு போன் செய்தார். எல்லாம் 95-க்கும் 105-க்கும் இடையில். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்தவர், அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

அந்த 130 எங்கிருந்து வந்தது

விற்பவர் சொல்லும் முதல் விலையைப் புதியவர்கள் ஒரு கருத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். கருத்து தவறு என்றால் ஆதாரம் காட்டித் திருத்தலாம் என்று பட்டியலை நீட்டுகிறார்கள். சில நேரம் அது உண்மையிலேயே கருத்துதான், பட்டியலைப் பார்த்ததும் இறங்கி வருவார்கள். ஆனால் இங்கே அந்த விலை எந்த நேரத்தில் வாயில் வந்தது என்று பாருங்கள். மேஜையைத் தூக்கலாம் என்ற பேச்சு முடிந்த கையோடு வந்தது. கதவைச் சாத்தத் தெரிந்த ஒரே வழி அவருக்கு அதுதான்.

மனநல மருத்துவர்கள் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேவும் 1967-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். துணையை இழப்பதற்கு 100. விவாகரத்துக்கு 73. ஓய்வு பெறுவதற்கு 45. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதற்கு 29. வீடு மாறுவதற்கு வெறும் 20. அந்தப் பட்டியலில் குறை சொல்ல நிறைய இருக்கிறது, ஆனாலும் நம் தொழிலுக்கு அதில் ஒரு தகவல் உண்டு. வீடு மாறுவது தனியாக அவ்வளவு பெரிய பாரம் இல்லை. ஆனால் நம்மிடம் வருபவர்களில் பலர் அந்த 100, 73, 45 எல்லாம் நடந்ததால் வீடு மாறுகிறவர்கள். நாம் பார்ப்பது அந்த 20-ஐ மட்டும்.

விலைப் பிடிவாதத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன் நகர மையத்து அடுக்குமாடி வீடுகளின் 1990-கள் விற்பனையை எடுத்து ஆராய்ந்து 2001-ல் எழுதினார்கள். சந்தை சரிந்திருந்த நேரம். வாங்கிய விலைக்கும் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அந்த நஷ்ட இடைவெளியில் 25 முதல் 35 சதவீதம் வரை கூடுதலாக விலை வைத்தார்கள். கடைசியில் கைக்குக் கூடுதலாக வந்தது அந்த இடைவெளியில் 3 முதல் 18 சதவீதம். வீடு விற்கவும் அதிக நாள் பிடித்தது. பழைய ஓர் எண் மனதில் குத்தி நின்றுவிட்டால் படித்தவர், வசதியானவர் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்கிறார்கள். பிடிவாதம் என்று பெயர் வைத்துவிட்டு நகர்வது ஏஜென்டுக்குச் சுலபம். அந்தப் பழைய எண் எது, அதை யார் சொன்னது என்று கேட்பதுதான் அவர் வேலை.

இரண்டாவது சந்திப்பு

இளைஞரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். கேமராவும் பட்டியலும் வேண்டாம். விலையை நீ எடுக்காதே, அவர் எடுத்தால் கேட்டுக்கொள். அப்புறம் அந்த அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னேன்: "அந்த அறையைப் பற்றி யோசிக்காமல் பேசிவிட்டேன் அம்மா. ஒரு முறை வந்து பார்க்கலாமா? வீடு விற்பது பற்றி இன்றைக்குப் பேச வேண்டாம்." அன்று மாலையே வரச் சொல்லிவிட்டார்.

நானும் கூடப் போனேன். பேசியது அவர்தான். கொஞ்ச நேரம் மழை, ரோடு என்று பொதுப்பேச்சு. பிறகு கேட்டார்:

"வீட்டைக் கொடுத்த பிறகு நீங்க எங்கம்மா இருக்கப் போறீங்க?"

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். மகன் விற்றுப் பணத்தைப் பிரித்துவிடலாம் என்கிறான். "எனக்கு இங்கேயே பக்கத்துல ஒரு சின்ன ஃபிளாட் இருந்தாப் போதும். ஆனா அதுக்குப் பணம் மிஞ்சுமான்னு தெரியல. யார்கிட்ட கேக்கறது?"

விற்க முடிவு செய்து மாதங்கள் ஆகியிருந்தன. யாரும் அவரிடம் இதைக் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் 130 என்ற எண்ணின் கதை வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு நல்ல விலைக்குப் போனபோது கணவர் சொன்னாராம், நம் வீட்டையும் இதற்குக் குறைந்து கொடுக்காதே என்று. எப்போது என்று இளைஞர் விசாரித்தார். சந்தை உச்சத்தில் இருந்த வருஷம் அது. அவர் அலுவலகப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, அந்த வருஷம் அதே அளவு வீடுகள் உண்மையிலேயே 130-ஐ ஒட்டி விற்றிருப்பதை உறுதி செய்துகொண்டு மறுநாள் சொன்னார்: "சார் அன்னைக்குச் சொன்ன விலை சரிதான்மா. அப்போ வித்திருந்தா அது கிடைச்சிருக்கும். இப்போ சந்தை இறங்கியிருக்கு."

இந்தப் பதிலைப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறேன். இறந்தவரோடு அவர் வாதாடவில்லை. கணவர் சொன்னது தப்பு என்று ஒரு மனைவியை ஒப்புக்கொள்ள வைத்து விலையைக் குறைக்கப் பார்த்திருந்தால் அந்த வீட்டுக்குள் அவர் மறுபடி கால் வைத்திருக்க முடியாது. அதே சமயம் அவர் மனம் குளிரப் பொய்யும் சொல்லவில்லை. பதிவுகளில் அந்த விலை இல்லாமல் போயிருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது, வேறு வழிதான் தேடியிருக்க வேண்டும்.

தேவைக் கணக்கு

அடுத்து ஒரு தாளை எடுத்து எழுதினார்கள். அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மாவே எழுதினார். இது என் யோசனை. தன் கையால் எழுதிய கணக்கைத்தான் மனிதர்கள் நம்புகிறார்கள்.

பக்கத்தில் பார்த்து வைத்திருந்த சின்ன ஃபிளாட்டுக்கு 60. வீட்டைப் பழுது பார்க்க வாங்கிய கடனில் பாக்கி 10. நம் கமிஷன், வரி, பதிவு, சாமான் மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து 5. கையில் இருப்பாக அவர் வைத்துக்கொள்ள நினைத்தது 20. கூட்டினால் 95.

130 வந்தால்தான் பிழைக்க முடியும் என்று இருந்தவருக்கு 95 போதும் என்று தெரிந்தது. "அப்போ யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாமா?" என்று மறுபடி கூட்டிப் பார்த்தார். வீட்டை 102-க்குச் சந்தையில் போடலாம் என்று முடிவானது. அந்த எண்ணைச் சொன்னவரும் அவர்தான்.

சில கஸ்டமர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும். தேவை 120, சந்தை 100 என்று வந்து நிற்கும். அப்போதும் தாளை மடித்து வைக்கக் கூடாது. விற்பதைத் தள்ளிப்போடலாமா, வாடகைக்கு விடலாமா, கடனை மாற்றி அமைக்கலாமா என்று பேச வேண்டியிருக்கும். சில நேரம் "இப்போ விக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டியிருக்கும். கமிஷன் இல்லாத வேலை அது. புதியவர்களுக்கு அதைச் செய்யச் சொல்வது சுலபம், அவர்கள் வாடகையை நான் கட்டுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மகனின் போன்

வீடு சந்தைக்கு வந்த வாரமே மகன் இளைஞரைக் கூப்பிட்டார். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. வர்ற ஆஃபர் எல்லாம் முதல்ல என்கிட்ட சொல்லுங்க. சீக்கிரம் முடிச்சா உங்களுக்கும் நல்லது."

அனுபவசாலிகளே தடுமாறும் இடம் இது. குடும்பத்தில் நன்றாகப் பேசத் தெரிந்தவரோடு வேலை செய்வது ஏஜென்டுக்கு வசதி. அம்மாவிடம் நாலு முறை விளக்க வேண்டியதை மகனிடம் ஒரே முறை சொன்னால் போதும். ஆனால் கையெழுத்து அம்மாவுடையது, ஒப்பந்தமும் அவரோடுதான். வாரிசுகளுக்கு வீட்டில் ஏதேனும் உரிமை உண்டா என்பதை வக்கீலிடம் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்தியிருந்தோம். இந்த வீட்டில் இல்லை.

இளைஞர் சொன்ன பதில்: "சார், அம்மாகிட்ட சொல்றேன். அவங்க உங்களுக்கும் சொல்லச் சொன்னா, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல சொல்றேன்." மகனுக்குக் கோபம். அந்த அம்மா, பிள்ளைகள் இருவருக்கும் தகவல் போகட்டும், முடிவு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். அதன்பின் ஒவ்வொரு தகவலும் மூவருக்கும் ஒரே செய்தியாகப் போனது.

மகனை வில்லனாக்கிப் பார்க்கவும் கூடாது. அப்பாவை இழந்தவர் அவரும்தான். அந்த வீட்டு விவகாரம் முடிந்தால் போதும் என்றிருந்தது அவருடைய துக்கத்தின் வடிவமாக இருக்கலாம். அவர் போனை எடுக்காமல் தவிர்க்காதே என்று இளைஞரிடம் சொல்லியிருந்தேன். எடுத்தார், திட்டும் வாங்கினார்.

கமிஷன் எந்தப் பக்கம் இழுக்கிறது

இடையில் தொழிலின் உள்கணக்கைச் சொல்லியாக வேண்டும். கமிஷன் 2 சதவீதம், அதில் பாதி அலுவலகத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். வீடு 100-க்கு விற்றால் ஏஜென்ட் கைக்கு 1 வரும். 97-க்கு விற்றால் 0.97. விற்பவருக்கு 3 குறையும் இடத்தில் ஏஜென்டுக்குக் குறைவது 0.03. அந்த 0.03-க்காக இன்னும் ஒரு மாதம் வீடு காட்ட அலைவதைவிட, இன்றைக்கே முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது அவருக்கு லாபம்.

ஸ்டீவன் லெவிட்டும் சாட் சிவர்சனும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சிகாகோ பகுதியில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, அதே மாதிரியான கஸ்டமர் வீடுகளைவிடச் சுமார் 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். அந்த வீடுகள் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் இருந்தன. சொந்த வீடென்றால் பொறுமை வருகிறது.

இதைப் படித்துவிட்டு ஏஜென்ட்கள் எல்லாம் மோசம் என்று நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்கு இந்த இழுப்பு நடப்பதே தெரியாது. "நல்ல ஆஃபர், விட்டுடாதீங்க" என்று மனதாரத்தான் சொல்வார்கள். அதனால் புதியவர்களிடம் ஒரு பழக்கம் கேட்கிறேன். ஓர் ஆஃபரை ஏற்கச் சொல்லும் முன், இது உன் அம்மா வீடாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுப்பாயா என்று கேட்டுக்கொள். பதில் "ஆமாம்" என்றால் கஸ்டமரிடமும் அதைச் சொல்.

இரண்டு ஆஃபர், ஒரு கடிதம்

இரண்டாவது மாதக் கடைசியில் இரண்டு ஆஃபர் வந்தன. ஒருவர் 97 தருவதாகச் சொன்னார், மூன்று வாரத்தில் வீட்டைக் காலி செய்து தர வேண்டும். இன்னொன்று ஓர் இளம் தம்பதி, 94. கூடவே ஒரு கடிதம்: தங்களைப் பற்றி, பிறக்கப்போகும் குழந்தை பற்றி, அந்த மாடி ஜன்னல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது பற்றி.

அந்த அம்மா கடிதத்தைப் பார்த்தால் உருகிவிடுவார் என்று இளைஞருக்குத் தெரிந்திருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார்.

இது தோன்றுவதைவிடச் சிக்கலானது. இப்படிப்பட்ட கடிதத்தில் எழுதியவரின் குடும்பம், மதம், இனம் எல்லாம் வெளிப்படும். "நம்மளை மாதிரி இருக்காங்க" என்று ஒருவருக்கு வீடு கொடுப்பதும், இன்னொருவருக்கு மறுப்பதும் ஒரே செயலின் இரு பக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இந்தக் கடிதங்களை விற்பவரிடம் கொடுக்க ஏஜென்ட்களுக்குத் தடை விதித்து 2021-ல் சட்டமே போட்டது. பேச்சுரிமையைக் காரணம் காட்டி 2022-ல் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே சட்டத் தடை இல்லை. இளைஞர் செய்தது: கடிதம் ஒன்று வந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. "முதல்ல கணக்கைப் பாத்துடலாம்மா. கடிதத்தைக் கடைசியில படிங்க" என்றார். பழைய தாளை எடுத்தார்கள். ஃபிளாட் கைக்கு வர இன்னும் இரண்டரை மாதம். 97-க்குக் கொடுத்தால் இடையில் வாடகை வீடு, இரண்டு முறை சாமான் மாற்றம். கணக்குப் போட்டால் 2-க்கு மேல் அதிலேயே போகிறது. தம்பதி மூன்று மாதம் காத்திருக்கத் தயார், ஆனால் 94 தேவைக்கு 1 குறைவு. 96 கேட்கலாம் என்று முடிவு செய்து கேட்டார்கள். 95.5-ல் படிந்தது. கடிதத்தை அந்த அம்மா எல்லாம் பேசி முடிந்த பிறகுதான் படித்தார்.

பேரத்தின்போது தம்பதி தரப்பு ஏஜென்ட் சாதாரணமாகக் கேட்பதுபோல், "ஏன் விக்கறாங்க? அவசரமா?" என்று கேட்டார். எல்லா பேரத்திலும் வரும் கேள்வி. கணவர் இறந்தது, மகன் அவசரப்படுத்துவது, 95 போதும் என்பது, மூன்றும் இளைஞருக்குத் தெரியும். மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் 94 அப்படியே நின்றிருக்கும். "சின்ன வீட்டுக்கு மாறுறாங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டில் உள்ள குறைகளைக் கேட்டபோது மாடியில் மழைக்காலத்தில் கசிவதைத் தயங்காமல் சொன்னார். வீட்டைப் பற்றிய உண்மை வாங்குபவருக்குச் சேர வேண்டியது. விற்பவரின் மனநிலை அவருடைய சொந்தச் சொத்து. பாவம், கஷ்டப்படுகிறார் என்று இரக்கத்தில் உளறிவிடும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி போன்கள்

சரி, இளைஞருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் அந்த அம்மா இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்ய ஆரம்பித்தார். வீட்டைப் பற்றித் தொடங்கி கணவரைப் பற்றி முடியும். இளைஞர் எடுத்து எடுத்துப் பேசி, பகலில் மற்ற வேலைகளைத் தவறவிட்டார். கையில் இருந்த இன்னொரு வீடு வேறு ஏஜென்டிடம் போய்விட்டது.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையில், அடுத்தவரின் உள்ளுலகைத் தன்னுடையது போலவே உணர வேண்டும், ஆனால் அந்தப் "போல" ஒருபோதும் தொலைந்துவிடக் கூடாது என்ற பொருளில் சொல்லியிருப்பார். அவர் சொன்னது சிகிச்சை தருபவர்களுக்கு. நமக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும், நாம் சிகிச்சை தரப் படித்தவர்களும் இல்லை. இளைஞர் கடைசியில் சொன்னது: "அம்மா, எட்டு மணி வரைக்கும் எப்ப வேணா கூப்பிடுங்க. அதுக்கு மேல நான் எடுத்தா அரைத்தூக்கத்துல தப்பாச் சொல்லிடுவேன்." மகளிடமும், அம்மா சம்மதத்தோடு, இரவில் அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். போன்கள் குறைந்தன.

விற்ற பிறகு

சாவி கைமாற ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. இழந்த இன்னொரு வீட்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் இளைஞரின் வருமானம் சுமார்தான். அந்த அம்மா வழியாகப் புதுக் கஸ்டமர்கள் வந்து குவிந்தார்கள் என்றெல்லாம் எழுத முடியாது, ஒருவர் வந்தார். மகன் இன்றைக்கும் 97-ஐ விட்டது முட்டாள்தனம் என்றுதான் சொல்கிறார். வாடகைக் கணக்கை அவருக்கும் அனுப்பியிருந்தோம். அவர் அதை ஏற்கவில்லை, ஏற்க வைப்பது எங்கள் வேலையும் இல்லை.

மர மேஜை ஃபிளாட்டுக்குப் போனது. மாடிப்படியில் இறங்க மறுத்ததால் கால்களைக் கழற்றித்தான் இறக்கினார்கள். அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தது இளைஞர்.

அலுவலகத்தில் ஒன்றை மாற்றினோம். புதிய கஸ்டமருக்கான படிவத்தில் முன்பு முதல் கட்டம் "எதிர்பார்க்கும் விலை". இப்போது முதல் பக்கத்தில் மூன்று கேள்விகள்: விற்ற பிறகு எங்கே இருப்பார், எப்போது போக வேண்டும், முடிவு யாருடையது. விலை இரண்டாம் பக்கத்தில். மூத்த ஏஜென்ட்கள் சிலர் இதெல்லாம் நேர விரயம் என்று முதல் பக்கத்தை வெறுமையாகவே தருகிறார்கள். அப்படி வரும் படிவங்களைப் பதிவு செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.